அந்தோனி கவுடி: மரத்திடம் பாடம் கேட்ட ஆலயச் சிற்பி

1926-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், திங்கட்கிழமை மாலை. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் கிரான் வியா என்னும் பெரிய சாலையை ஒரு முதியவர் கடந்துகொண்டிருந்தார். வேலையை முடித்துவிட்டு, வழக்கம்போல் புனித பிலிப்பு நேரி ஆலயத்திற்குச் செபிக்கப் போகிற வழி. 30-ஆம் எண் டிராம் வண்டி அவர்மீது மோதியது. நினைவிழந்து கிடந்தவரின் உடை கசங்கி, நைந்து போயிருந்தது. அவர் யாரென்று சொல்ல அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. யாரோ பிச்சைக்காரர் என்று எண்ணி, வாடகைக் கார் ஓட்டுநர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்தார்கள். பின்பு காவலர் ஒருவரின் வற்புறுத்தலால் அவர் ஏழைகளுக்கான திருச்சிலுவை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார்.

அந்த நகரத்தின் மிகப்பெரிய ஆலயத்தை 42 ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர் என்பது அன்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அன்பார்ந்த இறைமக்களே, அவருடைய பெயர் அந்தோனி கவுடி. திருத்தந்தை பிரான்சிஸ் தம் இறப்புக்கு ஒரு வாரம் முன்பு, 2025 ஏப்ரல் 14 அன்று, இவரது வீரத்துவமான புண்ணிய வாழ்வை ஏற்கும் ஆணைக்கு இசைவளித்தார். அன்றுமுதல் திருச்சபை இவரை வணக்கத்திற்குரியவர் என்று அழைக்கிறது. இயற்கையோடு இயைந்த கட்டடங்கள், பசுமைக் கட்டடங்கள் என்றெல்லாம் இன்று பொறியாளர்கள் பேசுகிறார்கள். இந்தச் சொற்கள் பிறப்பதற்கு முன்பே அவற்றின் பொருளைக் கல்லிலும் செங்கல்லிலும் தேடியவர் இவர். அந்தத் தேடல் இவருடைய கட்டடங்களை மட்டும் மாற்றவில்லை, இவரையும் மெல்ல மெல்ல மாற்றியது.

கவுடி 1852 ஜூன் 25 அன்று கத்தலோனியாப் பகுதியில் பிறந்தார். ரேயூஸ் நகரத்தார் தங்கள் ஊர்ப்பிள்ளை என்கிறார்கள், பக்கத்திலுள்ள ரியுதோம்ஸ் கிராமத்தார் இல்லை எங்கள் பிள்ளை என்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தந்தை பிரான்செஸ்க் கன்னார் தொழில் செய்தவர். தட்டையான செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து, அண்டாவும் கொப்பரையும் வாலையும் ஆக்குவதைச் சிறுவன் அந்தோனி பட்டறையில் உட்கார்ந்து பார்ப்பான். தாளில் கோடு போடுவதற்கு முன்பே, வெறும் தகடு உள்ளே இடமுள்ள பாத்திரமாக மாறுவதைக் கண்ணால் கண்டு வளர்ந்ததுதான் தமக்குக் கிடைத்த முதல் கட்டடக்கலைப் பாடம் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்ததுண்டு.

அவனுக்கு மூட்டுவாத நோய் இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடியாடும்போது அவனால் ஓட முடியாது. சில நாட்களில் நடக்கவும் முடியாமல் கழுதைமேல் ஏற்றித்தான் அவனைக் கூட்டிச் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே கிராமத்து வீட்டைச் சுற்றியிருந்த செடிகொடிகளையும் நத்தைகளையும் பூச்சிகளையும் பார்த்துக்கொண்டே பல மணி நேரம் உட்கார்ந்திருப்பான். ஒரு குழந்தையின் நோயை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஓட முடியாத கால்கள் அவனுக்கு உற்றுப் பார்க்கும் கண்களைத் தந்தன என்பது உண்மை.

கட்டடக்கலை படிக்க அவர் பார்சலோனா சென்றார். படிப்புச் செலவுக்காகப் பிற கட்டடக் கலைஞர்களிடம் வரைபடம் போடும் வேலையும் செய்தார். 1876-ல் அண்ணனும் தாயும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1878-ல் பட்டம் பெற்று வெளியே வந்த இளைஞர் கவுடியைப் பார்த்தவர்கள், பிற்காலத்து முதியவரோடு அவரை ஒப்பிட்டால் நம்பவே மாட்டார்கள். நல்ல துணியில் தைத்த உடை, நேர்த்தியான தாடி, விலையுயர்ந்த கையுறை, நாடகக் கொட்டகை, குதிரை வண்டி என்று நகரத்துக் கனவானாகவே அவர் வாழ்ந்தார். அந்நாட்களில் ஆலயத்தோடு அவருக்கு நெருக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. முன்கோபம் வேறு. அந்தக் கோபம் கடைசிவரை அவரைப் படுத்தியது. புனிதர் நிலைக்கு உயர்த்தப்படுவதற்கான பணிகள் நடக்கிற ஒருவரைப் பற்றி எழுதும்போது இவற்றையெல்லாம் விட்டுவிடுவது எளிது. விட்டுவிட்டால் அவர் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தார் என்பது தெரியாமல் போய்விடும்.

அவருடைய முதல் பெரிய வீடு, 1883-க்கும் 1885-க்கும் இடையே விசென்ஸ் என்பவருக்காகக் கட்டப்பட்டது. மனையைப் பார்க்கச் சென்றபோது அங்கே குட்டையான ஈச்ச இனத்து மரம் ஒன்றும், தரை முழுதும் மஞ்சள் செண்டுமல்லிப் பூக்களும் இருந்தனவாம். வீடு கட்டுவதற்காக அவை போக வேண்டியிருந்தது. போனவற்றை அவர் மறக்கவில்லை. அந்த ஓலையே இரும்பு வேலியின் வடிவமாயிற்று, அந்தப் பூவே சுவரில் பதித்த டைல்ஸில் மலர்ந்தது. அழகான செயல்தான். ஆனால் இது இன்னும் அலங்காரம் மட்டுமே. பூவைப் பார்த்துப் பூ வரைவது, இலையைப் பார்த்து இலை வார்ப்பது எந்தக் கைவினைஞரும் செய்யக்கூடியது. சிமெண்டில் பாறைபோலப் பூசி, பச்சை வண்ணம் அடித்து, கெபி கட்டுவதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கட்டத்தில்தான் இளம் கவுடி நின்றுகொண்டிருந்தார்.

அதே 1883-ன் இறுதியில் அவர் வாழ்வைத் திருப்பிய பொறுப்பு வந்தது. பார்சலோனாவில் பொக்கபெல்லா என்ற புத்தக வியாபாரி, புனித சூசையப்பர் பக்தர்களுக்காக ஒரு சங்கத்தை 1866-ல் தொடங்கியிருந்தார். அந்தச் சங்கத்தார் மக்கள் தரும் காணிக்கையை மட்டும் கொண்டு திருக்குடும்பத்திற்கு ஒரு பரிகார ஆலயம் கட்ட முடிவு செய்தார்கள். 1882 மார்ச் 19, புனித சூசையப்பர் திருவிழா அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் அமர்த்தப்பட்ட கட்டடக் கலைஞர் ஓராண்டில் மனத்தாங்கலால் விலகிவிட, 31 வயதான கவுடியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. சக்ரதா ஃபமீலியா என்று உலகம் அறிந்திருக்கும் ஆலயம் இதுதான்.

அவர் ஆலயத்தைக் கட்டினார், ஆலயமும் அவரைக் கட்டியது. பலிபீடம் எங்கே, திருமுழுக்குத் தொட்டி எங்கே, எந்தச் சிலை எந்தக் கதவின்மேல் என்று முடிவு செய்ய அவர் திருவழிபாட்டைப் படிக்க வேண்டியிருந்தது. படித்தவர் செபிக்கத் தொடங்கினார். ரேயூஸ்காரரான ஆயர் கிராவ், அருட்தந்தை தொராஸ் இ பாஜெஸ் போன்றோர் அவருக்கு வழிகாட்டிகளானார்கள். 1894-ஆம் ஆண்டு தவக்காலத்தில் 41 வயதான கவுடி மிகக் கடுமையான உபவாசம் இருந்து சாவின் விளிம்புவரை போய்விட்டார். யார் சொல்லியும் கேட்காதவர், தந்தை தொராஸ் படுக்கையருகே வந்து எடுத்துச் சொன்ன பிறகே உணவு ஏற்றார். இந்த நிகழ்ச்சியைப் பக்தியின் உச்சமாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவு தெரியாத மனிதர் ஒருவர், கீழ்ப்படிதல் உபவாசத்தைவிடக் கடினமானது என்று அந்தப் படுக்கையில்தான் கற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

அவருடைய கட்டடக்கலையிலும் இதே மாற்றம்தான் நிகழ்ந்தது. இயற்கையின் உருவத்தைப் பார்த்து வரைந்தவர், இயற்கையின் விதிக்குக் கீழ்ப்படியத் தொடங்கினார்.

பருத்தி ஆலை அதிபரான எவுசெபி குயெல், பாரிஸ் கண்காட்சியில் கவுடியின் கைவண்ணத்தைக் கண்டு நண்பரானவர். அவர் தம் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் ஆலயம் கட்டித் தருமாறு 1898-ல் கேட்டார். கவுடி கட்டத் தொடங்கவில்லை. ஒரு கொட்டகைக்குள் போய், கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கயிற்றோடேயே இருந்தார்!

அந்தக் கயிற்றின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது தானாக ஒரு வளைவில் வந்து நிற்கும். அந்த வளைவை யாரும் வரையவில்லை, சங்கிலியின் எடையே அதைத் தீர்மானிக்கிறது. அந்த வடிவத்தில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இழுக்கிறது, பக்கவாட்டில் வேறு எந்த விசையும் இல்லை. இப்போது அந்த வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கல்லில் கட்டினால், இழுத்தது எல்லாம் அழுத்தமாக மாறும். ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்தும். அழுத்தத்தைத் தாங்குவது கல்லுக்கு இயல்பு. ஆகவே அந்த வளைவு தன் எடையாலேயே நிற்கும், வெளியிலிருந்து முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் இதை 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்திருந்தார். கவுடி இதை ஒரு முழு ஆலயத்திற்கும் பயன்படுத்தினார். பத்தில் ஒரு பங்கு அளவில் ஆலயத்தைத் தலைகீழாகக் கயிறுகளால் பின்னி, சுவரும் கூரையும் தரப்போகும் எடைக்கு ஏற்றபடி சின்னஞ்சிறு பைகளில் ஈயக்குண்டுகளை நிரப்பி, கயிற்றில் ஆங்காங்கே கட்டித் தொங்கவிட்டார். ஒரு பையைக் கூட்டினால் எல்லாக் கயிறுகளும் நகரும். அவை நகர்ந்து அமைதியான பிறகு புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் வண்ணம் தீட்டினால் ஆலயத்தின் உருவம் கிடைத்தது.

கணினி இல்லாத நாளில் கணினி செய்யும் வேலை இது. தூண் எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பதைத் தாம் முடிவு செய்யாமல், எடையையே முடிவு செய்ய விட்டார். காட்டில் வளரும் மரமும் அப்படித்தானே வளர்கிறது? காற்றும் கனமும் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு ஏற்பத் தண்டு சாய்கிறது, கிளை பிரிகிறது. தேவையில்லாத இடத்தில் மரம் ஒரு நாரையும் வீணாக்குவதில்லை. பழைய கோத்திக் பேராலயங்களின் வெளிப்புறத்தில் காணப்படும் பெரிய முட்டுச்சுவர்களை அவர் ஊன்றுகோல்களாகவே கருதினார். மரத்திற்கு ஊன்றுகோல் எதற்கு?

குயெல் குடியிருப்பில் பணம் குறைந்ததால் 1914-ல் பணி நின்றுபோனது. அடித்தளக் கோவில் மட்டுமே முடிந்தது. அதைக் கண்டவர்கள் பைன் மரத்தோப்பின் தொடர்ச்சியாகவே அது இருப்பதாகச் சொல்கிறார்கள். சாய்ந்த தூண்கள் மரங்களுக்கு நடுவே மரங்களாக நிற்கின்றன. சன்னல்களின் கம்பி வலைக்கு ஆலைத் தறிகளிலிருந்து கழித்துப்போட்ட ஊசிகளையே எடுத்துக்கொண்டார். வழியில் நின்ற ஒரு பைன் மரத்தை வெட்டாமல், படிக்கட்டை அதைச் சுற்றி வளைத்துக் கட்டினார் என்றும் கூறுவர். படிக்கட்டைச் சில வாரங்களில் கட்டிவிடலாம், அந்த மரம் வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதே அவருடைய கணக்கு.

இதே நாட்களில் நகருக்கு வெளியே பாறையும் வறட்சியுமான ஒரு குன்றுச் சரிவில், வசதி படைத்தோருக்கான குடியிருப்பு ஒன்றை அமைக்கும் வேலையையும் குயெல் கொடுத்தார். 1900-ல் தொடங்கிய அந்த இடமே இன்று குயெல் பூங்கா. குன்றைச் சமமாக்கி வெட்டாமல், அதன் வளைவு நெளிவுகளின்படியே பாதைகளைக் கொண்டுபோனார். பாதைக்காகத் தோண்டிய கல்லையே எடுத்துப் பாலங்களின் தூண்களைக் கட்டினார். வேறெங்கிருந்தும் கல் வரவழைக்கவில்லை. நீண்ட வளைந்த இருக்கைக்கும் கூரைகளுக்கும், சூளையில் உடைந்து கழிவான டைல்ஸ் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் ஒட்டவைத்தார். வளைந்த பரப்பில் முழு டைல்ஸ் பதியாது, சில்லுதான் பதியும். ஆக, குப்பைக்குப் போகவேண்டியதே அங்கு மிகப் பொருத்தமான பொருளாயிற்று.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அங்கே தண்ணீருக்கு அவர் செய்த ஏற்பாடு. மேலே ஒரு பெரிய திடல். அதற்குத் தளம் போடவில்லை, மண்ணாகவே விட்டுவிட்டார். திடலின்கீழ் 86 தூண்கள் கொண்ட மண்டபம். மழை பெய்தால் நீர் மண்ணில் இறங்கி வடிகட்டப்பட்டு, தூண்களுக்குள் பதித்த குழாய்கள் வழியாகக் கீழிறங்கி, ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியில் சேரும். தொட்டி நிறைந்து வழிந்தால், சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பல வண்ணப் பல்லியின் வாய் வழியாக நீர் வெளியேறும். படம் எடுப்போரில் எத்தனை பேருக்கு அந்தப் பல்லி ஒரு மழைநீர்த் தொட்டியின் வடிகால் என்பது தெரியுமோ!

வியாபாரமாகப் பார்த்தால் அந்தக் குடியிருப்பு படுதோல்வி. 60 மனைகள் திட்டமிடப்பட்டு, இரண்டு வீடுகளே எழும்பின. அவற்றில் ஒன்றில் கவுடியே தம் முதிய தந்தையோடும், தாயை இழந்த அக்காள் மகளோடும் குடியேறினார். 1926-ல் அது மக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது.

நகரத்தின் நடுவே அவர் கட்டிய இரு வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்லோ இல்லத்தின் நடுவே வெளிச்சத்திற்காக ஒரு முற்றம் உண்டு. மேலே வானம் அருகில் இருப்பதால் வெளிச்சம் அதிகம், கீழே குறைவு. ஆகவே மேலே அடர்நீல டைல்ஸ், கீழே வரவர வெளிர்ந்து வெண்மை. மேலே சிறிய சன்னல்கள், கீழே பெரியவை. விளக்கு ஏதும் ஏற்றாமலேயே எல்லா மாடிகளுக்கும் ஒரே அளவில் ஒளி பங்கிடப்படுகிறது. சன்னல்களுக்குக் கீழே மரச்சட்டத்தில் திறந்து மூடும் சிறு பிளவுகள் வைத்து, சன்னல் மூடியிருந்தாலும் காற்று வரச் செய்தார். 1906-ல் தொடங்கிய மிலா இல்லத்தின் மேல்மாடத்திலோ சங்கிலி வளைவில் அமைந்த செங்கல் வளைவுகள் 270. அந்த மாடம் வெயிலையும் குளிரையும் கீழ் வீடுகளுக்குள் விடாமல் தடுத்து நிறுத்துகிறது.

ஆனால் மிலா இல்லத்தின் கதை சச்சரவில் முடிந்தது. செலவு எகிறியது, நகராட்சி விதிமீறல் என்று வழக்கு வந்தது, வீட்டுக்காரரோடு கூலிக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. முகப்பில் மரியன்னையின் பெரிய சுரூபம் ஒன்றை வைக்க எண்ணியிருந்தார். 1909 ஜூலையில் பார்சலோனாவில் கலவரம் வெடித்து, ஆலயங்களும் துறவற மடங்களும் எரிக்கப்பட்டபோது, வீட்டுக்காரர் அஞ்சி அதை வேண்டாம் என்றுவிட்டார். வழக்கில் வென்று கிடைத்த பணத்தைக் கவுடி அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு செல்வர் வீடு எதையும் புதிதாகக் கட்டவில்லை. இயற்கை சிக்கனமானது, ஆனால் கவுடியின் மாளிகைகள் கட்டச் சிக்கனமாயிருந்தன என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. வேலையாட்களைக் கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டவைப்பது அவருக்கு வழக்கமாயிருந்தது.

அவருடைய சிக்கனத்தைப் பார்க்க வேண்டுமானால், அதே 1909-ல் ஆலய வளாகத்தின் மூலையில் அவர் கட்டிய பள்ளிக்கூடத்திற்குத்தான் போகவேண்டும். ஆலயத்தில் வேலை செய்த கொத்தர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டியது. மூன்றே வகுப்பறைகள். மெல்லிய செங்கல் சுவர், மெல்லிய செங்கல் கூரை. ஒரு தாளை நேராக நிறுத்தினால் விழுந்துவிடும், அதையே நெளித்து நிறுத்தினால் நிற்கும். அந்தப் பள்ளியின் சுவர் நெளிந்து நிற்கிறது. கூரையும் இலைபோல அலையலையாக நெளிகிறது. மழைநீர் இருபுறமும் தானே வழிந்துவிடும். இவ்வளவு நெளிவும் நேரான சட்டங்களால் ஆனது என்பதுதான் வியப்பு. நடுவில் ஒரு நேரான உத்தரம், அதன்மேல் குறுக்காக நேரான சட்டங்கள், ஒன்று இப்படியும் அடுத்தது அப்படியும் சற்றே சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். சாதாரணக் கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிவிடலாம். 1928-ல் பார்சலோனா வந்த லெ கொர்பூசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், நகரத்து மாளிகைகளுக்கு நடுவே இந்தக் கூரையைப் படம் வரைந்துகொண்டு போனார். ஏழைப் பிள்ளைகளுக்கான கட்டடத்தில்தான் கவுடி தம் கலையின் உச்சத்தைத் தொட்டார் என்பது என் எண்ணம். கட்டடக்கலை அறிந்தவர்கள் மறுக்கலாம்.

பிறகு இழப்புகள் வரிசையாக வந்தன. 1906-ல் தந்தை இறந்தார். 1911-ல் கவுடிக்கே மால்டா காய்ச்சல் வந்து, உயில் எழுதும் அளவுக்குப் போனார். அந்தப் படுக்கையில்தான் ஆலயத்தின் திருப்பாடுகள் முகப்பை மனத்தில் கண்டார். 1912-ல் அக்காள் மகள் இறந்தார். 1914-ல் நெருங்கிய உதவியாளர் பெரெங்கெர், 1916-ல் ஆயராகிவிட்டிருந்த தந்தை தொராஸ், 1918-ல் நண்பர் குயெல். திருமணம் செய்துகொள்ளாத அந்த மனிதருக்கு ஆலயம் ஒன்றே மிஞ்சியது. மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டார். ஆலயப் பணியிலும் காசு இல்லை. காணிக்கை வந்தால் கல் எழும், வராவிட்டால் சாரத்தில் ஆள் இருக்காது. ஆலயக் கட்டுமானப் பொறுப்பைச் சுமந்த எந்தப் பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவையினருக்கும் இது புரியும். கவுடி தமக்குச் சம்பளம் வேண்டாம் என்றார். பின்பு தொப்பியைக் கையில் ஏந்தி வீடு வீடாகப் போனார். ஒரு காலத்தில் கையுறைக்குப் பேர்போன மனிதர் காணிக்கை கேட்டுத் தெருவில் நின்றார். உணவு கீரையும் பழமும் கொட்டைகளும், உடை பழையது. 1925-ன் இறுதியில் பூங்கா வீட்டையும் விட்டு ஆலயத்தின் பட்டறைக்குள்ளேயே கட்டில் போட்டுக்கொண்டார்.

இந்த ஆண்டுகளில்தான் பிறப்பு முகப்பு எழுந்தது. தாங்கும் தூண்களின் அடியில் இரு ஆமைகள் உண்டு: கடல் இருக்கும் திசையில் கடல் ஆமை, மலை இருக்கும் திசையில் நில ஆமை. மேலே ஒரு சைப்பிரஸ் மரம், அதில் புறாக்கள். திருக்குடும்பம் எகிப்துக்குப் போகும் காட்சிக்காக, பொருத்தமான ஓர் எளிய கழுதையைத் தேடிப்பிடித்து அச்செடுத்தார். அக்கம்பக்கத்து மனிதர்களின் முகங்களே அங்கே இடையரும் மறைநூல் மாந்தரும் ஆயின. உள்ளேயோ, கயிறு கற்பித்த பாடம் முழுமை பெற்றது. தூண்கள் தரையிலிருந்து சற்றே சாய்ந்து எழுந்து, உயரே கிளைகளாகப் பிரிந்து கூரையைத் தாங்கும்படி வகுத்தார். அதிக எடை வரும் இடத்தில் மிகக் கடினமான கல், குறைவான இடத்தில் மென்மையான கல். உள்ளே நிற்பவர் ஒரு காட்டுக்குள் நின்று மேலே பார்ப்பதுபோல் உணர்வார். இயேசுவின் நடுக்கோபுரத்திற்கு 172.5 மீட்டர் உயரம் குறித்தார். மொன்ஜுயிக் குன்றைவிட அது சற்றே தாழ்வு. மனிதக் கைகள் கட்டுவது கடவுள் படைத்த குன்றை மிஞ்சக்கூடாது என்று எண்ணினார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் லவுதாத்தோ சி சுற்றுமடலைத் தந்தபோது, நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பற்றி நம்மில் பலருக்கு அது புதிய பேச்சாகத் தோன்றியது. கவுடிக்குச் சுற்றுச்சூழல் என்ற சொல்லே தெரியாது. இயற்கை என்பது படைத்தவர் எப்போதும் திறந்து வைத்திருக்கும் புத்தகம், அதை வாசிக்க முயல வேண்டும் என்பதே அவர் அறிந்தது. அதை வாசித்த கட்டடம் தேவையற்றதை ஒவ்வொன்றாக விட்டது. வாசித்த மனிதரும் விட்டார்.

1926 ஜூன் 7 இரவு அவர் பட்டறைக்குத் திரும்பாததால் ஆலயத்தின் குருவும் நண்பர்களும் தேடினார்கள். மறுநாள் திருச்சிலுவை மருத்துவமனையில், ஏழைகளின் கட்டில்களுக்கு நடுவே அவரை அடையாளம் கண்டார்கள். நல்ல மருத்துவமனைக்கு மாற்றுவதாகச் சொன்னபோது அவர் அங்கேயே இருக்க விரும்பினார் என்பர். திருவருட்சாதனங்களைப் பெற்று, ஜூன் 10 அன்று, 73 வயதில் இறந்தார். இரண்டு நாட்கள் கழித்து நடந்த அடக்கச் சடங்கிற்கு நகரமே தெருவில் திரண்டு நின்றது.

அவர் கண்ணால் கண்ட மணிக்கோபுரம் ஒன்றே ஒன்று. திருத்தூதர் பர்னபாவின் பெயரிலுள்ள அது 1925 நவம்பர் 30 அன்று முடிந்தது. திட்டமிட்ட 18 கோபுரங்களில் அது ஒன்று. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது கலவரக்காரர்கள் பட்டறைக்குத் தீ வைத்தனர். வரைபடங்கள் எரிந்தன, சாந்து மாதிரிகள் நொறுக்கப்பட்டன. பின்வந்தவர்கள் அந்தச் சில்லுகளைப் பொறுக்கியெடுத்து, ஆண்டுக்கணக்கில் ஒட்டிச் சேர்த்து, அவர் எண்ணியதைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் விமானங்களை வடிவமைக்கும் கணினி மென்பொருளும் துணைக்கு வந்தது. அவர் கயிற்றில் கண்டவற்றைக் கணினி பெரும்பாலும் சரி என்றே சொன்னது. 2010 நவம்பர் 7 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆலயத்தை அர்ச்சித்து, இணைப் பெருங்கோவிலாக உயர்த்தினார். 2025 அக்டோபர் 30 அன்று, நடுக்கோபுரத்தின்மேல் சிலுவையின் ஒரு பகுதி ஏற்றப்பட்டபோது, அது 162.91 மீட்டரை எட்டி உலகின் மிக உயரமான ஆலயமாயிற்று.

கவுடியின் கல்லறை கீழே, அடித்தளக் கோவிலில், கார்மேல் அன்னையின் பீடத்தருகே இருக்கிறது. மேலே பயணிகள் வாங்கும் நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஆலயம் வளர்கிறது. கீழே அந்தப் பகுதியின் பங்கு மக்கள் திருப்பலிக்கு வந்து, கல்லறையைக் கடந்து போய் உட்காருகிறார்கள்.